ஐந்து முறை ‘இல்லை’ என்று வந்த பிறகும்

கேள்வி: எனக்கு வயது 29. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் நண்பர்களோடு வெளியூர் சென்றபோது ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கையால் என் உறுப்பைத் தொட்டுத் தூண்டினார். கன்னத்தில் ஒருமுறை முத்தமிட்டார். உடலுறவு எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாளே உடம்பு காய ஆரம்பித்தது. பிறகு நாக்கில் வெள்ளை, கழுத்தில் நெறி, நீர்க்கடுப்பு, பேதி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆறு கிலோ எடை குறைந்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறேன். 21, 34, 48, 93, 140 ஆகிய நாள்களில் மூன்று வெவ்வேறு இடங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். ஐந்திலும் ‘இல்லை’ என்றே வந்தது. 93ஆம் நாளில் பார்த்த வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை), ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. அவருடைய கையில் காயம் இருந்திருந்தால்? நோய் தெரிய ஆறு மாதம் ஆகும் என்று இணையத்தில் படித்தேனே? வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். அக்கா குழந்தையைத் தூக்குவதில்லை. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தை மாதம் திருமணம். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாமா என்றுகூட யோசிக்கிறேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? சில இரவுகளில் வாழவே பிடிக்கவில்லை. திருமணத்துக்கு முன் ஆறாவது முறை பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன். சில இரவுகளில் வாழவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. அப்படி ஓர் இரவு மீண்டும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரை, அது உங்கள் அக்காவாக இருக்கலாம் என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன், அருகில் வந்து உட்காரச் சொல்லுங்கள். எதற்காக என்று விளக்க முடியாவிட்டால், ‘மனசு சரியில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. நடந்த நிகழ்வில் அது வருவதற்கான வழியும் இருக்கவில்லை. ஆறாவது பரிசோதனை தேவையில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான ஆலோசனை. தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அனுபவத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன். அதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன். ஆனால் இதையும் நீங்கள் திரும்பத் திரும்பப் படித்து ஆறுதல் தேடும் காகிதமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள்.

எச்.ஐ.வி. கிருமி ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்றும் அளவுக்கு இருக்கும். அவற்றில் ஒன்று, காயாத நிலையில், போதிய அளவில், மற்றொருவரின் உள்ளுறுப்புச் சவ்வையோ ரத்த ஓட்டத்தையோ நேரடியாக அடைய வேண்டும். பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்ந்துகொள்வது, பரிசோதிக்கப்படாத ரத்தம் ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது ஆகியவையே அதன் பாதைகள். வியர்வையிலும் கண்ணீரிலும் எச்சிலிலும் அது பரவுவதில்லை. உடலைவிட்டு வெளியே வந்து காற்றுப் பட்டுக் காயத் தொடங்கியதும் தொற்றும் திறனை விரைவாக இழந்துவிடும். ஒருவருடைய கை இன்னொருவருடைய உறுப்பைத் தொடுவது மருத்துவம் வகுத்துள்ள பரவல் பாதைகளின் பட்டியலிலேயே கிடையாது. ஆகவே ‘குறைந்த ஆபத்து’ என்ற சொல்லைக்கூட எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன்.

கையில் காயம் இருந்திருந்தால் என்ற உங்கள் கேள்விக்கு ஓர் ஒப்பீடு சொல்கிறேன். மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகச் செவிலியரின் விரலில் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமியுள்ள ரத்தம் தோலைத் துளைத்து நேராக உள்ளே போகிறது. அந்த நிலையிலும், தடுப்பு மருந்து எதுவும் எடுக்காவிட்டாலும், தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 10,000 நிகழ்வுகளுக்கு 23 என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் ஊசி இல்லை, ரத்தம் வழியவில்லை, உங்கள் தோலில் திறந்த புண் இல்லை, அந்தப் பெண்ணுக்கு நோய் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. கதவிடுக்கில் நசுங்கிய காயமோ காய்கறி நறுக்கும்போது பட்ட கீறலோ சில நிமிடங்களில் உறைந்து மூடிக்கொள்ளும் என்பது நீங்கள் அன்றாடம் பார்ப்பதுதான்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் செய்த வேலையை வைத்து அவருக்கு நோய் இருக்கும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். அவரைத் தேடிப் போவது அவருக்கும் உங்களுக்கும் கேடு. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவோ, அவருடைய நிலையைப் பிறருக்கு வெளிப்படுத்தவோ 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சட்டத்தை விட்டுவிட்டாலும், அவரைச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் ‘அன்றைக்குப் பிறகு மாறியிருந்தால்’ என்று உங்கள் மனம் அடுத்த கேள்வியைக் கேட்கும். அது உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

மற்ற பால்வினை நோய்களையும் பார்த்துவிடுவோம். கிராமத்தில் வெட்டை என்று சொல்லும் கொனோரியா வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் சீழ் வடிந்து காட்டிக்கொடுத்திருக்கும். கிரந்தி என்ற சிபிலிஸ் 10 நாள் முதல் 90 நாளுக்குள் வலியில்லாத புண்ணாகத் தலைகாட்டும். உங்களுக்குப் புண்ணும் வரவில்லை, 93ஆம் நாள் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அக்கி வகைக் கொப்புளங்களும் மருக்களும் தோலோடு தோல் உரசுவதால் பரவக்கூடியவை என்பதால் அவற்றுக்கு ‘அறவே இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கையால் தொட்டதில் அவை வருவது மிக அரிது, ஐந்து மாதங்களில் உங்களுக்கு ஒரு கொப்புளமோ மருவோ தோன்றவும் இல்லை. உறுப்பின் முனை விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தெரியும் முத்து போன்ற சிறு புடைப்புகளையும், தோலில் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிகளையும் நோய் என்று நினைத்து வாரம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். அவை இயல்பான தோலின் அமைப்பு. இதுவரை நீங்கள் உற்றுப் பார்க்காததால் கண்ணில் பட்டிருக்காது.

இப்போது பரிசோதனைகள். நீங்கள் அனுப்பிய அறிக்கைகளின் நகல்களைப் பார்த்தேன். 48ஆம் நாளில் செய்தது நான்காம் தலைமுறைப் பரிசோதனை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளோடு, பி24 என்ற கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுவது. ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் இந்தப் பரிசோதனை 45 நாள்கள் கடந்த பிறகு ‘இல்லை’ என்று சொன்னால் அதை முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம். விரல் நுனியில் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் துரிதப் பரிசோதனைக்கு 90 நாள் வரை பொறுக்கச் சொல்வோம்; 93ஆம் நாள் முடிவு அந்தக் கணக்கையும் தீர்த்துவிட்டது. ஆறு மாதம் என்று நீங்கள் படித்தது பொய் இல்லை, பழையது. 1980களின் பரிசோதனைகள் இவ்வளவு நுட்பமானவை அல்ல என்பதால் அந்தக் காலத்தில் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பரிசோதனை மாறிவிட்டது, அந்த வாக்கியம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நகலெடுக்கப்பட்டு இணையத்தில் நின்றுவிட்டது. எதிர்ப்பொருள் தாமதமாக உருவாகும் ஆளாக நான் இருந்தால் என்று அடுத்துக் கேட்பீர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் போன்ற சிலரிடம்தான் அந்தத் தாமதம் அரிதாக நிகழும். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர்.

அப்படியானால் இந்த உடல் தொல்லைகள் எங்கிருந்து வந்தன? எனக்கு எல்லாம் கற்பனை என்கிறாரே இந்த மருத்துவர் என்று நீங்கள் வருந்தக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்தவை உண்மையான தொல்லைகள்தான், காரணம்தான் வேறு. எச்.ஐ.வி. தொற்றின் முதல் காய்ச்சல் வந்தால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும், சில நாள்களோ சில வாரங்களோ இருந்துவிட்டுப் போய்விடும். உங்களுக்கு மூன்றாம் நாளே உடம்பு காய்ந்தது. வெப்பமானி வைத்துப் பார்த்தபோது ஒருநாளும் 99 டிகிரியைத் தாண்டவில்லை என்று நீங்களே இணைப்புத் தாளில் குறித்திருக்கிறீர்கள். பயத்தில் நெஞ்சு படபடப்பதும் வியர்ப்பதும் உடல் சூடேறியதுபோல் தோன்றுவதும் இயல்பு. மருத்துவர் எழுதித் தராமல் இரண்டு முறை விழுங்கிய ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்ததால் பேதி வந்திருக்கலாம். அதே மருந்து வாயில் பூஞ்சை வளரவும் இடம் கொடுக்கும். சரியாகச் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்தாலே நாக்கில் வெள்ளை படியும். அதே தாளில் எழுதியிருப்பதுபோல் இரவுச் சாப்பாட்டை ஐந்து மாதம் தவிர்த்தவருக்கு எடை குறையாமல் என்ன செய்யும்? மென்மையான தோலில் நாள்தோறும் கிருமிநாசினி ஊற்றினால் எரியும், சிவக்கும், சிறுநீர் அங்கே பட்டால் கடுக்கும். அதை இன்றோடு நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கடுப்பு அடங்கிவிடும். அடங்காவிட்டால் நேரில் வந்து தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கழுத்தில் நெறி கட்டியிருப்பதாக எழுதியதைப் படித்தபோது சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த இளைஞர் ஒருவர் நினைவுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் தேதி வரிசைப்படி அடுக்கிய பதினான்கு அறிக்கைகள், ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் பென்சிலால் எத்தனையாவது நாள் என்ற குறிப்பு. அவர் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது அவருடைய கழுத்தை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை நான்கைந்து முறை அங்கே போய் வந்தது. அவருக்கே அது தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை தொட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். மெலிந்த உடல் உள்ள எவருக்கும் அந்த இடத்தில் பயறு அளவில் நிணநீர் முடிச்சுகள் கைக்குத் தட்டுப்படும். அவற்றை நாளெல்லாம் நசுக்கினால் வலிக்கவும் செய்யும். வலித்தால் நோய் என்று பயம், பயந்தால் மறுபடி நசுக்கல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வார்கள். அவருடைய விரல்களுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. நீங்கள் கைபேசி விளக்கை அடித்துக் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பதும் இதே வகை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆறு கிலோ எடை குறைவும் படபடப்பும் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் சர்க்கரை நோய் தொடங்கினாலும் வரக்கூடியவை. ஆகவே ஒரு பொதுநல மருத்துவரிடம் சென்று தைராய்டும் சர்க்கரையும் ஒரே ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிவை அவர் படித்துச் சொல்லட்டும், நீங்கள் இணையத்தில் தேட வேண்டாம்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோய் எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. தவறு செய்துவிட்டேன், ஆகவே தண்டனை வந்தே தீரும், அது பரிசோதனையில் தெரியாவிட்டால் ஒளிந்திருக்கிறது என்றுதான் பொருள் என்பதாக உங்கள் மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு உங்களுக்குத் தானாக வந்ததில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்தியாவிலேயே முதன்முறையாக இத்தொற்று கண்டறியப்பட்டபோது, கையில் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. மருந்து இல்லாத நோய்க்கு எதிராக அச்சத்தையே ஆயுதமாக எடுத்தார்கள். ‘உயிர்க்கொல்லி’ என்று சுவர்களில் மண்டையோட்டோடு எழுதினார்கள். நீங்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி தமிழ்நாட்டின் தெருவெங்கும் தொங்கியது. வெளியில் பேசவே கூசிய ஒன்றை அது பேச வைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒழுக்கம் தவறினால் எய்ட்ஸ் என்ற முடிச்சு ஒரு தலைமுறையின் மனத்தில் அழுத்தமாக விழுந்துவிட்டது. பின்னர் 2004இல் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது, இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும், தொடர்ந்து சாப்பிட்டுக் கிருமியின் அளவு பரிசோதனையில் தெரியாத நிலைக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியாகக்கூடத் துணைக்குப் பரவாது என்பது உறுதிப்பட்டிருக்கிறது. இந்தச் செய்திகள் அந்தச் சுவரெழுத்துகளைப்போல வீடுவீடாகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கிருமி ஒருவருடைய ஒழுக்கத்தைப் பார்த்து உள்ளே வருவதில்லை, பாதை திறந்திருந்தால் வரும். என் புறநோயாளர் பிரிவில் நான் ஆண்டாண்டாகப் பார்ப்பது இதுதான். கன்னத்தில் முத்தம், கைத்தொடுதல், முடிதிருத்தும் கடையில் பட்ட கீறல் என்று வந்து ஏழெட்டு முறை பரிசோதித்துக்கொள்பவர்களுக்குக் குற்ற உணர்வுதான் பெரிதாக இருக்கிறது. ஆணுறை இல்லாமல் பலமுறை உறவு கொண்டவர்களோ, அதைத் தவறாகவே எண்ணாததால், ஒருமுறைகூடப் பரிசோதனைக்கு வருவதில்லை. இவ்வளவு பயம் யாரிடம் தேவையில்லையோ அவர்களிடம் குவிந்து கிடக்கிறது. நீங்கள் செய்ததை நீங்கள் தவறு என்று கருதினால் அந்த வருத்தம் உங்களுக்குச் சொந்தமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வருத்தத்துக்கு ரத்தப் பரிசோதனை விடை சொல்லாது.

ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் எத்தனை நாள் நிம்மதியாக இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இணைப்புத் தாளில் நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது: முதலில் பத்து நாள், பிறகு ஒரு வாரம், ஐந்தாவது முடிவு வந்த அன்று மாலையே ‘அறிக்கை மாறியிருக்குமோ’ என்ற ஐயம். மூன்று இடங்களில் ஐந்து அறிக்கைகளும் மாறியிருக்க முடியாது என்பது உங்கள் அறிவுக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஐயம் அறிவிடம் கேட்டு எழுவதில்லை. நோய் இருக்குமோ என்ற எண்ணம் வருகிறது, அது தாங்க முடியாத பதற்றத்தைத் தருகிறது, பதற்றத்தைத் தணிக்க நாக்கைப் பார்க்கிறீர்கள், கழுத்தைத் தொடுகிறீர்கள், இணையத்தில் தேடுகிறீர்கள், ரத்தம் கொடுக்கிறீர்கள், சிறிது நேரம் தணிகிறது, பிறகு அதே எண்ணம் முன்னைவிட வலுவாகத் திரும்புகிறது. தணிவு கிடைக்கும் ஒவ்வொரு முறையும், ‘பார்த்தாயா, சரிபார்த்ததால்தான் தப்பித்தாய்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. இதை மனநல மருத்துவத்தில் எண்ணச் சுழற்சி நோய் என்றும், நோய் குறித்த மிகை அச்சம் என்றும் வகைப்படுத்துவார்கள். உங்களுக்கு இவற்றில் எது என்பதை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆறாவது பரிசோதனையை நான் ஏன் தடுக்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அது இந்தச் சுழற்சிக்குப் போடும் இன்னொரு பிடி விறகு.

உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும், புறநோயாளர் சீட்டு எடுத்து நேரே போகலாம். என்னிடம் எழுதியதை அப்படியே அவரிடம் கொடுங்கள், வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதுவே போதும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையில், பயம் எழும்போது அதைத் தணிக்கும் செயலைச் செய்யாமல் பயத்தோடே இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் பதற்றம் என்பது ஏறிக்கொண்டே போவதில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கத் தொடங்கும். ஒருமுறை அதைக் கண்கூடாக உணர்ந்துவிட்டால் அடுத்த முறை எளிதாக இருக்கும். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அந்த மாத்திரைகள் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், எண்ணச் சுழற்சிக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். அவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. பாலுறவு ஆர்வம் சிலருக்குக் குறையலாம். புது மாப்பிள்ளையாகப் போகிறவர் என்பதால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மாற்றித் தர வழி உண்டு. நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி ‘மேகநோய், நரம்புத் தளர்ச்சி அனைத்துக்கும் தீர்வு’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். உங்களைப்போல நோயே இல்லாதவர்களைக் குணப்படுத்திக் காட்டுவதுதான் அவர்களுடைய முழு வருமானமும்.

மனநல மருத்துவரைப் பார்க்கும் வரை சிலவற்றை நீங்களே தொடங்கலாம். கண்ணாடி முன் நாக்கை நீட்டுவது பல் துலக்கும்போது ஒருமுறையோடு நிற்கட்டும். கழுத்தைத் தொட வேண்டும் என்று கை பரபரத்தால், பதினைந்து நிமிடம் கழித்துத் தொடுகிறேன் என்று தள்ளிப்போடுங்கள். பதினைந்து நிமிடம் ஆனதும் மறுபடி பதினைந்து. இணையத் தேடலை முழுவதுமாக விடுங்கள், ஏனென்றால் அதை அளவாகச் செய்யும் நிலையில் இப்போது நீங்கள் இல்லை. தனித் தட்டையும் தனி டம்ளரையும் எடுத்து வைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். உண்மையாகவே எச்.ஐ.வி. உள்ளவருக்குக்கூட அப்படிப் பிரித்து வைக்க வேண்டிய தேவை இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். அவர்களைப் பந்தியிலிருந்து தள்ளி உட்காரவைக்கும் வழக்கம் அறியாமையிலிருந்து வருவது.

செய்யத் தகுந்த ஒரு காரியமும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இதுவரை போட்டுக்கொள்ளவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அந்தக் கிருமி எச்.ஐ.வி.யைப்போல விரைவில் மடிவதில்லை, உலர்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். முடிதிருத்தும் கடையில் புது பிளேடு மாட்டச் சொல்வதற்கு அது நியாயமான காரணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பத்தி. ஆணுறை இல்லாத உடலுறவோ, ஊசிப் பகிர்வோ, பாலியல் வன்முறையோ நடந்திருந்தால் அது வேறு கணக்கு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அரசு மருத்துவமனைக்குச் சென்று நிகழ்வுக்குப் பிந்தைய தடுப்பு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டியது அது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் கட்டணம் இல்லை, ஆலோசகரிடம் முன்னும் பின்னும் பேசலாம், ரகசியம் காப்பார்கள். 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணும் இலவசம்தான். இந்த எண்ணையும் மையத்தையும் உங்களுக்காக, கேள்வி கேட்டவரே, நான் குறிப்பிடவில்லை.

திருமணம் பற்றி. அதைத் தள்ளிப்போடுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. மணப்பெண்ணுக்கு உங்களால் ஆபத்து இல்லை. நடந்ததை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சாட்சிக்கும் உங்கள் இருவருக்கும் இடைப்பட்டது, அதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: இப்போது, இந்தப் பதற்றத்தின் நடுவில், ‘எனக்கு ஒன்றும் இல்லை என்று நீயாவது சொல்’ என்ற ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். அது உண்மையைச் சொல்வதாகத் தோன்றினாலும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதன் இன்னொரு வடிவமாகிவிடும், பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் இறங்கும். சிகிச்சை தொடங்கி மனம் சற்று அடங்கிய பிறகு, அப்போதும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் யோசியுங்கள். பெண் வீட்டார் திருமணத்துக்கு முன் பரிசோதனை கேட்டால், கையில் இருக்கும் அறிக்கையைக் கொடுங்கள். புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டாம்.

மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போய்விடுங்கள், திருமண வேலைகள் தொடங்கிவிட்டால் நாள் கிடைக்காது. அதற்கு முன்பாக, இதைப் படித்து முடித்த இன்றைக்கே, உங்கள் அக்கா குழந்தையைத் தூக்குங்கள். மனம் பதறும், கை நடுங்கும். உடனே இறக்கிவிடாமல், பதற்றம் குறையத் தொடங்கும் வரை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடங்கள்.